கூரைக்குக் கீழே தொடங்கும் பேரிடர்: வேதாரண்யம் வட்டத்தில் புயல் அபாயமும் வீட்டுத் தயார்நிலையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே, கடலோரத்திலும் தாழ்வான பகுதிகளிலும் இருந்த சுமார் 82,000 பேரை அரசு முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. புயல் போய்ச் சில நாட்களில் அரசு வெளியிட்ட இன்னொரு கணக்கின்படி, முகாம்களில் தங்கியிருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர்.

காற்று அடங்கிய பிறகு முகாம்வாசிகளின் தொகை மும்மடங்கானது ஏன்? பேரிடர் மேலாண்மை பற்றிய பேச்சில் இந்தக் கேள்விக்கு உரிய இடம் கிடைத்ததில்லை. உயிரிழப்பு நூறைத் தொடவில்லை என்பதால் கஜா ‘நன்றாகக் கையாளப்பட்ட புயல்’ என்று பாராட்டப்பட்டது. அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால் புயலுக்குப் பிறகு முகாமுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் வீடு இழந்தவர்கள். மற்றவர்கள் வீடு இருந்தும் அதில் தண்ணீரும் விளக்கும் உலையில் போட அரிசியும் இல்லாதவர்கள். ஒரு கிராமப்புற வட்டத்தில் குடும்பங்கள் பேரிடருக்குத் தயாராக இருப்பது என்றால் என்ன, அது எதனால் தடைபடுகிறது என்பதை வேதாரண்யத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறியாமையைக் காட்டிலும் கூரை, குடிநீர், வீட்டுமனை ஆகிய மூன்றின் நிலைதான் தயார்நிலையைத் தீர்மானிக்கிறது என்பது இதன் வாதம். அந்த வாதத்துக்குப் பொருந்தாத சான்றும் உண்டு. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வட்டத்தின் புயல் வரலாறு

தமிழகக் கடற்கரை தெற்கே இறங்கிவந்து கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனையில் இருப்பது வேதாரண்யம் வட்டம். கிழக்கே வங்கக் கடல், தெற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. உள்ளே கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம் என்று வரிசையாக மணல்மேட்டு ஊர்கள். பழைய கடற்கரைகள் விட்டுச்சென்ற மேடுகள் அவை. மேட்டில் தென்னையும் மாவும் முல்லையும், பள்ளத்தில் சம்பா நெல்லும், அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளமும், ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் போன்ற ஊர்களில் மீன்பிடியும் இந்த வட்டத்தின் பிழைப்பு. நான்கு பிழைப்புகளையும் ஒரே இரவில் தாக்கக்கூடியது கார்த்திகை மாதத்துப் புயல்.

புயல் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயலில் சுமார் 400 பேர் இறந்தார்கள்; கடல்நீர் மைல்கணக்கில் உள்ளே வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1955இல், பட்டுக்கோட்டைப் பக்கம் இராஜாமடத்தைத் தாக்கிய புயலில் சுமார் 500 பேர் மாண்டார்கள். 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்த புயலில் 560 பேர் இறந்தனர். 10 லட்சம் பேர் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மடிந்தன. அதற்கு ஒரு வாரம் கழித்து ஆந்திரத்தின் திவிசீமையில் பத்தாயிரம் பேரளவில் பலிகொண்ட புயல் அடித்ததால், நாகைப் புயல் நாட்டின் நினைவிலிருந்து விரைவிலேயே நழுவியது. காவிரி டெல்டாவின் முதியவர்களிடம் மட்டும் ‘எழுபத்தேழு புயல்’ காலக்கணக்கின் குறியாக நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் தமிழகம் இழந்த சுமார் 8,000 உயிர்களில் 6,000க்கும் மேல் அன்றைய நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இந்த வரிசையில் ஒரு செய்தி இருக்கிறது. 1977இல் 560 பேர், 2018இல் நூறுக்கும் குறைவு. உயிரிழப்பு இவ்வளவு குறைந்திருக்கும்போது வீடிழப்பும் பிழைப்பிழப்பும் அதே வேகத்தில் குறையவில்லை. இரண்டுக்கும் இடையிலான அந்த இடைவெளிதான் ஆராய வேண்டிய இடம்.

எச்சரிக்கை எதைக் காத்தது?

உயிரிழப்பு குறைந்ததற்கு முதல் காரணம் முன்னறிவிப்பு. வானிலை ஆய்வுத் துறை இன்று புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாகத் தருகிறது. ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன் புயல் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரையேறிய பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்ற முன்னோட்டம். 1977இல் வானொலியும் தண்டோராவும்தான் கதி. கஜாவின்போது தொலைக்காட்சி, கைப்பேசி, கிராம நிர்வாக அலுவலர், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ என எல்லா வழியிலும் செய்தி வந்தது. ஒடிசாவின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1999 பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரளவில் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் பலி சில பத்துகளோடு நின்றது. வெளியேற்றம் உயிரைக் காக்கும் என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் எச்சரிக்கை எந்த மொழியில் வீட்டுக்கு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டு எண்ணைச் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் தவறாமல் சொல்கின்றன. ஒன்று முதல் பதினொன்று வரையிலான அந்த எண்கள் கப்பல்களுக்கானவை. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் கடும்புயலையே குறிக்கின்றன. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதே கடக்குமா என்பதுதான் அவற்றுக்குள் உள்ள வேறுபாடு. வீட்டிலிருப்பவர் பத்தை எட்டைவிடக் கொடியதாகவும், எட்டைக் கொஞ்சம் தேவலை என்பதாகவும் எடுத்துக்கொள்கிறார். ‘மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று’ என்ற செய்தியும் அப்படித்தான். அந்த வேகத்தில் கீற்றுக் கூரை நிற்குமா, ஓட்டு வீடு நிற்குமா, தென்னை சாயுமா என்பதை வீட்டுக்காரரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கஜா கரையேறியதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று உள்ளே நுழைந்து திண்டுக்கல் மலைவரை போய்க் கேரளத்தைக் கடந்தது. கடலைக் கண்ணால் பார்க்காத கிராமங்களில் வீடுகள் சரிந்தன, சுவர் விழுந்தும் மரம் விழுந்தும் ஆட்கள் இறந்தார்கள். புயல் என்றால் கடற்கரைச் சங்கதி என்ற எண்ணம் மக்களிடம் மட்டும் இருந்ததல்ல. முகாம்களும் பாதுகாப்பு மையங்களும் கரையை ஒட்டியே திட்டமிடப்பட்டிருந்தன.

இரண்டு விளக்கங்கள்

குடும்பங்கள் ஏன் ஆயத்தமாக இருப்பதில்லை என்பதற்கு ஆய்வுலகில் இரண்டு பெரும் விளக்கங்கள் உண்டு. முதலாவது மனத்திலிருந்து தொடங்குகிறது. அபாயத்தைக் குறைத்து மதிப்பிடுவது, முந்தைய எச்சரிக்கை பொய்த்ததால் அடுத்ததை நம்பாதது, ‘நம்மால் என்ன செய்ய முடியும்’ என்ற மனநிலை ஆகியவை தடை என்கிறது அது. அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் லிண்டெல், ரொனால்டு பெர்ரி வகுத்த ‘பாதுகாப்புச் செயல் முடிவு’ மாதிரி இந்த வழியைச் சேர்ந்தது. இதன்படி தீர்வு விழிப்புணர்வு: துண்டறிக்கை, ஒத்திகை, செயலி. அரசின் துண்டறிக்கைகளில் வரும் ‘அவசரப் பை’ இந்தப் பார்வையின் குழந்தை. டார்ச் விளக்கு, உலர் உணவு, மூன்று நாள் குடிநீர், மருந்து, ஆவணங்கள்.

இரண்டாவது விளக்கம் 1994இல் பியர்ஸ் பிளெய்க்கி, டெர்ரி கேனன், இயன் டேவிஸ், பென் விஸ்னர் ஆகியோர் எழுதிய ‘அட் ரிஸ்க்’ நூலால் வலுப்பெற்றது. இயற்கைச் சீற்றம் பாதிக் காரணம்தான். நிலம், வருமானம், சாதி, அரசியல் அதிகாரம் ஆகியவை மக்களை நெருக்கித் தள்ளும் பலவீன நிலை மறுபாதி என்பது அவர்கள் வாதம். சீற்றமும் பலவீனமும் சந்திக்கும் இடத்தில்தான் பேரிடர் பிறக்கிறது.

வேதாரண்யத்தில் முதல் விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும்? அங்கே கூரைவீட்டுக் குடும்பம் ஒன்று புயலுக்கு முன் செய்யும் வேலைகளை நெருங்கிப் பார்த்தால் போதும். கூரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, இரு முனைகளிலும் மணல் மூட்டையைத் தொங்கவிடுவார்கள், அல்லது தரையில் முளையடித்து இறுக்குவார்கள். ரேஷன் கார்டு, ஆதார், குழந்தைகளின் மதிப்பெண் சான்றிதழ், கூட்டுறவு வங்கிப் புத்தகம் எல்லாம் பாலிதீன் பையில் சுற்றி மூடியுள்ள எவர்சில்வர் தூக்குக்குள் போகும். தீப்பெட்டி தனியாகச் சுற்றப்படும். இருக்கிற குடங்களிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள். கட்டிக்கிடக்கும் மாடு செத்துவிடும், அவிழ்த்த மாடு மேடு தேடிப் பிழைத்துக்கொள்ளும் என்பது முந்தைய புயல்கள் கற்றுக்கொடுத்தது. ஆடுகளை வீட்டுக்குள் சேர்ப்பார்கள். இந்தப் பட்டியலில் எந்த அலுவலகமும் சொல்லிக்கொடுக்க வேண்டிய புதிய பாடம் அதிகமில்லை. அறிவு இருக்கிறது. கயிறும் மூட்டையும் நூறு கிலோமீட்டர் காற்றுக்கு ஈடுகொடுக்காது என்பதுதான் சிக்கல்.

கூரை

அவசரப் பை வேலைசெய்ய வேண்டுமானால், அதை வைத்துக்கொண்டு உட்கார ஓர் அறை வேண்டும். மாடி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரவைக் கழிக்கிறவருக்கு டார்ச்சும் பிஸ்கட்டும் தேவைதான். கீற்றுக் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பையால் என்ன பயன்? அவருடைய முன்னேற்பாடு ஒன்றே ஒன்று: போய்விடுவது.

போய்விடுவதும் எளிதாக இல்லை. வீட்டிலுள்ள ஆடு, கோழி, விதைநெல், தையல் மெஷின் இவற்றை விட்டுவிட்டுப் போக வேண்டும். முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், கழிப்பறை போதாது, வயது வந்த பெண்பிள்ளைகளோடு தாய்மார் இரவு தங்கத் தயங்குவார்கள். சாதியும் உள்ளே வருகிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைப் பகுதி முகாம்களிலும் நிவாரணப் பங்கீட்டிலும் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவுசெய்தன. எந்த முகாமுக்கு யார் போகலாம் என்ற எழுதாத விதி ஓர் ஊரில் இருக்கும்வரை, ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று அறிக்கை எழுதுவது நேர்மையாகாது.

கூரை ஏன் கீற்றாகவே இருக்கிறது என்பதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர்கள் நெடுங்காலம் மிராசுதாரின் நிலத்தில்தான் குடிசை போட்டிருந்தார்கள். குடியிருப்பு மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. மனை கிடைத்தவர்களில் பலருக்கு அடுத்த தலைமுறையில் தொகுப்பு வீடு கிடைத்தது. அந்த வீடுகள்தான் இன்று வேறொரு கவலை. உப்புக்காற்று கம்பியைத் தின்று, மேல்தளத்தின் காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும் தொகுப்பு வீடுகளை டெல்டா முழுக்கப் பார்க்கலாம். புயல் இரவில் அதற்குள் படுக்கப் பயந்து வெளியே கீற்றுக் கொட்டகையில் படுத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அரசுப் பதிவேட்டில் அவர்கள் கான்கிரீட் வீட்டுக்காரர்கள்.

ஆழிப்பேரலைக்குப் பிந்திய மறுகட்டுமானம் கடற்கரையின் தோற்றத்தையே மாற்றியது. அரசும் தொண்டு நிறுவனங்களும் மீனவக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கில் தட்டைக் கூரை கான்கிரீட் வீடுகளைக் கட்டின. இந்தப் பணியை நாகைக் கிராமங்களில் ஆராய்ந்த ஜெனிஃபர் டுய்ன் பாரன்ஸ்டைன், மக்களின் வழக்கமான வீட்டமைப்பையும் முற்றத்தையும் நிழல் மரங்களையும் ஒப்பந்தக்காரர் வீடுகள் அழித்துவிட்டன என்று கடுமையாக விமர்சித்தார். வெயில் காலத்தில் அவ்வீடுகளின் புழுக்கத்தை அறிந்தவர்கள் அந்த விமர்சனத்தை ஒதுக்க மாட்டார்கள். ஆயினும் கஜா இரவில் அதே தட்டைக் கூரைகள் பறக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். அவருடைய ஆய்வு எழுப்பும் கேள்வி செல்லும். ஆனால் கூரைவீட்டுப் பெண்ணிடம் கேட்டால் புழுக்கமான கான்கிரீட்டையே கேட்பார் என்பதும் உண்மை.

அதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. அலை வந்த இடத்தில் மறுகட்டுமானப் பணம் குவிந்தது. அலை எட்டாத உள்கிராமங்களின் கூலித் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ வரையறைக்குள் வரவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, அலைக்குப் பதில் காற்று வந்தபோது, முதலில் பறந்தவை அந்தக் கூரைகள். கடந்த பேரிடருக்குக் கொடுத்த நிவாரணத்தின் எல்லைக்கோடே அடுத்த பேரிடரின் சேத வரைபடமாக மாறிவிட்டது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

கஜாவுக்குப் பிறகு முழுதாகச் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்தத் தொகையில் எழுவது மறுபடியும் ஒரு கீற்றுக் கூரைதான். அதுவும் தென்னந்தோப்புகளே விழுந்து கிடந்த வட்டாரத்தில்.

மரங்கள் தந்த காப்பும் தராத காப்பும்

வேதாரண்யம் வட்டத்தின் நாலுவேதபதி ஒரு காலத்தில் உலகச் செய்தியானது. 2002இல் அவ்வூரில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நடப்பட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றன. இரண்டே ஆண்டில் வந்த ஆழிப்பேரலையின்போது அந்தத் தோப்பு அலையின் வேகத்தைத் தணித்து ஊரைக் காத்தது என்ற செய்தி பரவியது. அதன் பிறகு கடலோரக் காடு என்பது பேரிடர்த் தயார்நிலையின் அடையாளமாகவே ஆனது.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வு ஆதரவும் கிடைத்தது. பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 குக்கிராமங்களை வைத்துக் கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் எழுதிய கட்டுரை, அலையாத்திக் காடு உள்ள இடங்களில் இழப்பு குறைவு என்றது. அதே ஆண்டு ஃபின் டேனியல்சன் குழுவினர் கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் இதே திசையில் எழுதினார்கள். மறு ஆண்டே கெர், பேர்டு, கேம்ப்பெல் ஆகியோர் அந்த 18 ஊர்களின் தரவுகளை மீண்டும் கணக்கிட்டு மறுத்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கணக்கில் எடுத்தால் காட்டின் பங்கு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. உயரமான இடத்தில் காடும் இருந்தது, ஊரும் தப்பியது. எது காரணம், எது உடனிருந்தது என்று பிரிப்பது கடினம்.

மரம் வேண்டாம் என்பது இந்த விவாதத்தின் பொருளல்ல. எந்த அபாயத்துக்கு எந்தக் காப்பு என்று பார்க்க வேண்டும் என்பதே. நீரைத் தடுக்கும் மரம் காற்றில் சாயும். கஜாவில் கோடியக்கரைக் காடும் முத்துப்பேட்டை அலையாத்தியும் பெரும் சேதமடைந்தன. கோடியக்கரையின் வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் மடிந்தன. புஷ்பவனம் பக்கம் கடல் உள்ளே வந்து சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது; படகுகள் சேற்றில் புதைந்தன. வீட்டை ஒட்டி நின்ற தென்னையும் மாமரமும் பல இடங்களில் வீட்டின் மீதே விழுந்தன.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிர்ச்சான்று இருக்கிறது. வேதாரண்யம் முதல் பேராவூரணி வரை தென்னை ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கு. தேங்காய் விற்றுத்தான் பள்ளிக் கட்டணமும் கல்யாணமும். கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். விழுந்த மரத்துக்கு அரசு அறிவித்த 1,100 ரூபாயில் 500 வெட்டி அகற்றுவதற்கே. ஆனால் தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை காப்பீட்டுத் திட்டம் அதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டு முன்பே வந்துவிட்டது. முதிர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 14 ரூபாய் பிரீமியம். பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 ரூபாய். கஜாவில் மரம் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதில் சேர்ந்திருக்கவில்லை. மூன்றரை ரூபாய் கட்ட வசதியில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இந்த இடத்தில் விழிப்புணர்வு வாதிகள் சொல்வது சரி. செய்தி போய்ச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வேளாண் விரிவாக்க அமைப்பு சேர்க்கவில்லை. தோட்டம் உள்ளவருக்குத் தகவல் போதும். தோட்டத்தில் கூலிக்குத் தேங்காய் பறிப்பவருக்கும் மட்டை உரிப்பவருக்கும் கீற்று முடைகிற பெண்ணுக்கும் எந்தக் காப்பீட்டிலும் இடமே இல்லை என்பது அடுத்த கேள்வி.

குடிநீர் என்னும் கண்ணி

கஜாவுக்குப் பின் வந்த முதல் வாரத்தில் டெல்டாவின் சாலைகளில் மக்கள் காலிக் குடங்களை அடுக்கி மறியல் செய்தார்கள். சுற்றிலும் மழைநீர் தேங்கிக் கிடந்த நேரம் அது. வேதாரண்யம் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். குடிநீர் தொலைவிலிருந்து கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியே வருகிறது. வழியிலுள்ள நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால் குழாயில் தண்ணீர் வராது. ஊரிலேயே ஆழ்குழாய் இருந்தாலும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்ட நிலையில், சில ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. கேரளம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து இடுப்பளவு வயல் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அதுவரை ஊர்கள் வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துத் தொட்டியை நிரப்பின. அதே ஜெனரேட்டரில் காசு கொடுத்துக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். கோபுரங்களும் செயலிழந்திருந்ததால் அந்தக் கைப்பேசியாலும் பயன் குறைவு. பேரிடர்த் தகவலுக்கென 2018இல் அறிமுகமான டிஎன்-ஸ்மார்ட் செயலி, மிகத் தேவைப்பட்ட நாட்களில் மக்கள் கையில் இயங்கவில்லை.

மூன்று நாள் தண்ணீர் சேமித்து வையுங்கள் என்ற அறிவுரை, மூன்று நாளில் குழாய் திரும்ப வரும் என்ற கணிப்பின் மேல் நிற்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கு நான்கு அடிபம்புகள் இருந்தன. பராமரிப்பின்றித் துருப்பிடித்துப் போயின. மின்சாரம் வேண்டாத அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு முழுக்க மின்சாரத்தில் தொங்கும் ஏற்பாட்டுக்கு மாறியது வசதிதான். ஆனால் அம்மாற்றம் ஒவ்வொரு வீட்டின் அபாயத்தையும் அவ்வீட்டாரைக் கேட்காமலேயே கூட்டிவிட்டது. உலக வங்கிக் கடனுதவியில் நடந்த கடலோரப் பேரிடர் குறைப்புத் திட்டத்தில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் போன்ற ஊர்களுக்கு நிலத்தடி மின்கேபிள் சேர்க்கப்பட்டது. கிராமத்துக் கம்பங்கள் அப்படியே நிற்கின்றன. அத்தனை கம்பிகளையும் மண்ணுக்குள் போடப் பணம் போதாது என்பது ஏற்கத்தக்க விடைதான். ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டரும் இரண்டு நல்ல அடிபம்பும் என்ற கோரிக்கைக்கு அந்த விடை பொருந்தாது.

புயலுக்கு முன்னால் பணம்

கஜா வந்த நேரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத அளவு பொய்த்தது. அந்த வறட்சியில் நகையும் மாடும் விற்றுக் கடன்பட்ட குடும்பங்கள், 2018இல் மேட்டூர் நிரம்பிச் சம்பா பச்சைபிடித்திருந்தபோது, அறுவடையை நம்பி மீண்டும் கடன் வாங்கியிருந்தன. கார்த்திகை என்பது கையில் காசில்லாத மாதம். தை அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். தார்ப்பாய் வாங்கு, கூரையை மாற்று, அரிசி சேமி என்பதெல்லாம் அந்த மாதத்தில் காதில் விழும் அறிவுரைகள். புயலுக்குப் பிறகு பெண்களின் நுண்கடன் வாரத் தவணைகளை வசூலிக்க ஆட்கள் வந்ததும், அவகாசம் கேட்டு அவர்கள் ஆட்சியர் அலுவலகங்களுக்கு நடந்ததும் அப்போதைய செய்தித்தாள்களில் பதிவாகியிருக்கின்றன.

இந்த இடத்தில் வங்கதேசத்தின் ஒரு முயற்சி கவனத்துக்குரியது. 2020 ஜூலையில் ஜமுனா ஆற்றுப் படுகையில் பெருவெள்ளம் வரும் என்று முன்னறிவிப்பு வந்ததும், வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன்பே உலக உணவுத் திட்டம் ஏழைக் குடும்பங்களின் கைப்பேசிக் கணக்குக்குத் தலா 4,500 டாக்கா அனுப்பியது. பணம் பெற்ற குடும்பங்களையும் பெறாத குடும்பங்களையும் ஒப்பிட்ட ஆய்வு, பெற்றவர்கள் வெள்ள நாட்களில் ஒரு முழுநாள் பட்டினி கிடக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. என்ன வாங்க வேண்டும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தயார்நிலைக்குத் தடையாக இருந்தது அறிவா, காசா என்ற கேள்விக்கு இதைவிட நேரான சோதனை அரிது.

தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் அட்டை இருக்கிறது. பொங்கல் பரிசு சில நாட்களில் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. புயல் உஷார் அறிவிப்பு வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு வட்டத்தின் கூரைவீட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் பணமும் தார்ப்பாயும் கொடுக்க இந்த அமைப்பால் முடியும். இன்றைய நிதி விதிகள் அதற்கு இடந்தரவில்லை. பேரிடர் நிவாரண நிதி சேதத்தை அளந்த பிறகே திறக்கிறது. அப்படித் திறந்தும் என்ன வந்தது? கஜாவுக்காக மாநில அரசு கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். ஆண்டின் கடைசி நாளில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தொகை 1,146 கோடி.

முன்பணத்துக்கும் எல்லை உண்டு. அது ஒரு வாரத்துப் பட்டினியைத் தடுக்கும், கூரையை மாற்றாது. புயலை நினைத்துத் தொடங்கிய இந்த விசாரணை கடைசியில் நிலப் பதிவேட்டில் போய் நிற்பது அதனால்தான்.

பட்டா

2024இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவதாகச் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பேரிடர்த் தயார்நிலை என்ற பெயரில் இத்திட்டம் வரவில்லை. ஆனால் வேதாரண்யம் போன்ற வட்டத்தில் அவசரப் பை பற்றிய ஆயிரம் கூட்டங்களைவிட அதிகக் காப்பைத் தரக்கூடியது இதுதான். இத்திட்டத்தில் சேர வீட்டுமனைப் பட்டா வேண்டும்.

இந்த வட்டத்தில் கோயில் நிலங்கள் விரிந்து கிடக்கின்றன. அவற்றில் பல தலைமுறையாகத் தரைவாடகை கட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது. வாய்க்கால் கரையிலும் சாலைப் புறம்போக்கிலும் குடிசை போட்டவர்களுக்கும் கிடையாது. மேட்டுமணல் நிலத்தில் மனை விலை ஏற ஏற, புதிதாகத் தனிக்குடித்தனம் போகும் இளம் குடும்பங்கள் பள்ளத்துக்கும் கரைக்கும் தள்ளப்படுகின்றன. காற்றுக்கும் வெள்ளத்துக்கும் முதலில் இரையாகும் வீடுகள் இவைதான். அரசின் வீட்டுத் திட்டம் கடைசியாக எட்டும் வீடுகளும் இவையே. வட்டத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டக் கோப்பில் முகாம்களின் பெயரும் படகுகளின் எண்ணிக்கையும் மண்வெட்டி, மரம் அறுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் இருப்பும் எழுதப்படுகின்றன. எந்தத் தெருவில் எத்தனை கூரைவீடு, அதில் எத்தனை பட்டா இல்லாதவை, எந்தத் தொகுப்பு வீட்டின் தளம் காரை பெயர்ந்தது, எந்த அடிபம்பில் இன்னும் நல்ல தண்ணீர் வருகிறது என்ற கணக்கும் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் அதே கோப்பில் ஏற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் மகளிர் குழுக்களும் சேர்ந்தால் சில வாரங்களில் எடுத்துவிடக்கூடிய கணக்கு அது. கோயில் நிலத்துக் குடியிருப்போருக்கு உரிமை மாறாமலேயே நீண்டகால வாடகை ஒப்பந்தத்தின் பேரில் வீடு கட்ட அனுமதிக்கலாமா என்பது அறநிலையத் துறையும் வருவாய்த் துறையும் உட்கார்ந்து பேச வேண்டியது. அந்தப் பேச்சை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்க வேண்டும்.